ஸிஸி ஜான்மேர் பாலேயை விட்டுப் போனாரா?

பாரிஸ் ஓபராவில் பயின்ற பாலே நடனக் கலைஞரான ஸிஸி ஜான்மேர், ஹாலிவுட்டில் பாடக நடிகர்களான டானி கேயுடனும் பிங் கிராஸ்பியுடனும் நடித்த பிறகும் ஏன் பெரிய திரை நட்சத்திரமாக நிலைக்கவில்லை என்றும், கடைசியில் இறகு விசிறிகளுக்கு நடுவே பாட்டுப் பாடும் கேளிக்கை மேடைக்குப் போனது அவருடைய கலைக்கு ஓர் இறக்கம்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கான விடை தெளிந்தால் முதல் கேள்விக்கான விடையும் அதிலேயே கிடைத்துவிடும் என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஜான்மேர் பாலேயை விட்டுப் போகவே இல்லை. பாலே பயிற்சி உடலுக்குத் தரும் ஒழுங்கை, பாலே அதுவரை நுழையத் தயங்கிய இடங்களுக்கெல்லாம் அவர் எடுத்துச் சென்றார். திரைப்படம் அந்த இடங்களில் ஒன்று மட்டுமே. அவருக்கு மிகக் குறைவாகப் பொருந்திய இடமும் அதுதான்.

ரெனே மார்செல் ஜான்மேர் 1924 ஏப்ரல் 29 அன்று பாரிஸில் பிறந்தார். ஸிஸி என்பது மழலையில் தனக்குத் தானே வைத்துக்கொண்ட செல்லப்பெயர். 1933இல், ஒன்பது வயதில், பாரிஸ் ஓபராவின் நடனப் பள்ளியில் சேர்ந்தார். அதே ஆண்டு அதே பள்ளியில் சேர்ந்த இன்னொரு குழந்தை, பின்னாளில் நடன அமைப்பாளரான ரோலான் பெத்தி. பாரிஸின் மையச் சந்தையான லெ ஆலில் உணவகம் நடத்திய தந்தைக்கும், பின்னாளில் ரெப்பெத்தோ என்ற புகழ்பெற்ற நடனக் காலணி நிறுவனத்தைத் தொடங்கிய தாய்க்கும் பிறந்தவர் அவர். ஜான்மேரின் வாழ்க்கையைப் பற்றி எழுதுபவர் எவரும் பெத்தியை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது. ஜான்மேரின் முக்கியமான பாத்திரங்கள் ஏறத்தாழ அனைத்தையும் உருவாக்கியவர் பெத்தி. பெத்தியின் கற்பனைக்கு உடல் கொடுத்தவர் ஜான்மேர். இருவருக்கும் 1954 டிசம்பர் 29 அன்று திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு ஒரு மகள் பிறந்தாள்.

ஓபராவின் குழுவில் ஒரு நடனக் கலைஞர் படிப்படியாகத்தான் மேலே வர முடியும். ஆண்டுதோறும் நடக்கும் தேர்வில் நடுவர்கள் முன் ஆடி, கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொரு நிலையாக ஏறி, உச்சியில் ‘எத்வால்’ என்ற நட்சத்திர நிலையை எட்ட வேண்டும். பயிற்சியின் தரத்தைக் காக்கும் ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. ஆனால் புதிதாக எதையேனும் செய்து பார்க்கத் துடிக்கும் இருபது வயதுக்காரர்களுக்கு அது பொறுக்க முடியாத காத்திருப்பாகவும் இருந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்து பாரிஸ் விடுதலையடைந்த 1944ஆம் ஆண்டில் பெத்தியும் ஜான்மேரும் ஓபராவை விட்டு வெளியேறினார்கள். பெத்தி 1945இல் ஷான்ஸ் எலிஸே பாலே குழுவை உருவாக்கினார். ஜான்மேர், நடனக் கலைஞர் செர்ஜ் லிஃபார் நடத்திய மான்டி கார்லோ குழுவிலும், பிறகு கர்னல் தெ பாஸிலின் ரஷ்ய பாலே குழுவிலும் ஆடினார். ரஷ்ய மரபில் வந்த போரிஸ் க்னியாசெஃபிடம் பெற்ற பயிற்சி அவருடைய கால்களுக்குக் கூர்மையைத் தந்தது. 1948இல் பெத்தி தொடங்கிய ‘பாரிஸ் பாலே’ குழுவில் அவர் சேர்ந்தபோது, தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாத, ஆனால் இன்னும் தனக்கென்று ஒரு பாத்திரம் அமையாத நடனக் கலைஞராக இருந்தார்.

அந்தப் பாத்திரம் 1949 பிப்ரவரி 21 அன்று லண்டன் பிரின்ஸஸ் அரங்கில் அமைந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் மெரிமேயின் கதையையும் இசையமைப்பாளர் பிஸேயின் ஓபரா இசையையும் எடுத்துக்கொண்டு ஐந்து காட்சிகளில் பெத்தி அமைத்த ‘கார்மென்’ அது. காட்சியமைப்பும் உடைகளும் ஸ்பானிய ஓவியர் அன்டோனி க்ளாவே செய்தவை. ஜான்மேர் கார்மெனாகவும், அவளைக் காதலித்து இறுதியில் கொல்லும் டான் ஹோஸேயாகப் பெத்தியும் ஆடினார்கள். அக்காலத்து பாலே மேடையில் நாயகி என்றால் நடுவகிடு எடுத்துப் பின்னால் முடிந்த கொண்டையும், மென்துகில் பாவாடையும், பூமியில் கால் பாவாத தோற்றமும் எதிர்பார்க்கப்பட்டன. இங்கே வந்தவளோ ஆண்பிள்ளையைப் போல ஒட்ட வெட்டிய கருங்கூந்தலோடு, இடுப்பை இறுக்கிப் பிடித்த உடையில், கால்கள் முழுவதும் தெரிய, பார்வையாளர்களை நேருக்கு நேர் பார்த்தாள். அந்தக் குட்டை முடியை ஜான்மேர் வாழ்நாள் இறுதிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

தோற்றத்தைவிட முக்கியமானது அசைவு. கால்விரல் நுனியில் நிற்பது பாலேயில் உடலை எடையற்றதாகக் காட்டுவதற்காக வளர்ந்த உத்தி. ஜான்மேரின் கார்மென் அதே விரல் நுனியைத் தரையைக் குத்தும் கருவியாக்கினாள். முழங்காலை உள்பக்கம் மடித்தாள், இடுப்பைச் சாய்த்தாள், தோளைக் குலுக்கினாள்; ஓபராப் பள்ளி தவறு என்று திருத்தும் அசைவுகள் பலவற்றை அந்தப் பள்ளியே தந்த துல்லியத்தோடு செய்தாள். பிஸேயின் ஓபராவில் கார்மென் பாடும் ‘ஹபனேரா’ என்ற புகழ்பெற்ற பாட்டின் மெட்டை, பெத்தி டான் ஹோஸேயின் தனி ஆட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். சுற்றி நிற்கும் கூட்டம் குரல் கொடுத்தும் கைதட்டியும் அவனை ஏற்றிவிடுகிறது. இதனால் கார்மெனுக்குத் தன்னை விளக்கிக்கொள்ள ஒரு பாட்டுகூட மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் உடலே சொல்ல வேண்டியதாயிற்று. இறுதிக் காட்சியில், காளைச்சண்டை அரங்கின் வெளியே இருவரும் எதிரெதிரே நிற்கும்போது மெட்டு நின்று முரசொலி மட்டும் தொடர்கிறது. ஒருவரையொருவர் அளந்தபடி வட்டமிடுகிறார்கள். அவள் அவன்மேல் பாய்கிறாள், கத்தி இறங்குகிறது, உள்ளே சண்டையை ரசித்த கூட்டம் ஆரவாரத்துடன் தொப்பிகளை வீசுகிறது. இன்று பார்த்தாலும் அந்தச் சில நிமிடங்களில் மூச்சு விட மறந்துபோகும்.

லண்டனில் கிடைத்த வெற்றி, அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் வின்டர் கார்டன் அரங்கிலும் தொடர்ந்தது. அங்குதான் ஹாலிவுட்டின் கண் அவர்மேல் விழுந்தது. ஆர்கேஓ திரைப்பட நிறுவனத்தைக் கையில் வைத்திருந்த ஹோவர்ட் ஹியூஸ், ‘கார்மெனை’ப் படமாக எடுக்கப் போவதாக அந்தக் குழுவை ஒப்பந்தம் செய்தார். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. ஜான்மேரின் திரை வாழ்க்கையில் நான் மிகப் பெரிய இழப்பாகக் கருதுவது இதைத்தான். இருபத்தைந்து வயதில், அந்தப் பாத்திரம் புத்தம் புதிதாக இருந்த நேரத்தில், அது படச்சுருளில் பதிவாகியிருக்க வேண்டும்.

இரண்டாவது திருப்பம் 1950 செப்டம்பர் 25 அன்று பாரிஸின் மரின்யி அரங்கில் வந்தது. கார்மெனைப் பற்றிப் பேசுபவர்கள் இதைப் போதிய அளவு கவனிப்பதில்லை. ‘வைரம் கடிப்பவள்’ என்று பொருள்படும் ‘லா க்ரோக்கெஸ் தெ தியமான்’ என்ற பாலே அது. ழான் மிஷேல் தமாஸ் இசையமைத்தார்; பாடல் வரிகளை எழுதியவர் பிரெஞ்சு இலக்கியத்தில் பெரும் பெயரெடுத்த ரேமோன் கெனோ. பெத்தி சிறுவயதில் ஓடித் திரிந்த லெ ஆல் சந்தைதான் களம். திருட்டுக் கும்பல் ஒன்றின் தலைவி, திருடிய வைரங்களைக் கடித்து விழுங்குவதில் இன்பம் காண்கிறாள். ஒரு சாதாரண இளைஞன்மேல் காதல் வந்ததும் அந்தப் பசி மாறுகிறது. கதை எளியது. ஆனால் அதில் ஜான்மேர் ஆடியதோடு நிற்காமல் வாய் திறந்து பாடினார்.

பாலே நடனக் கலைஞர் மேடையில் பாடுவது எவ்வளவு கடினம் என்பதை ஆடிப் பழகாதவர்கள் எளிதில் உணர்வதில்லை. பாலேயில் வயிற்றுத் தசைகள் எப்போதும் உள்ளிழுத்துப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். மூச்சு வாங்குவது வெளியே தெரியக் கூடாது. பாடுவதற்கோ அதே வயிறும் விலாவும் தளர்ந்து விரிய வேண்டும். ஒன்றுக்குப் பழகிய உடல் மற்றொன்றுக்கு இணங்காது. ஜான்மேருக்கு ஓபரா பாடகிகளின் குரல் இல்லை; சற்றே கரகரத்த, கீழ்ச்சுருதியில் நிற்கும், பாரிஸ் தெருப்பேச்சின் துடுக்கு நிறைந்த குரல்தான் இருந்தது. அதை அழகுபடுத்தாமல் அப்படியே பயன்படுத்தியதுதான் அவருடைய அறிவுக்கூர்மை. சொற்களைத் தெளிவாகத் தாளத்தின்மேல் வைத்தார். நீண்ட இழுப்புகளைத் தவிர்த்தார். பாட்டின் இடைவெளிகளைத் தோளாலும் கையாலும் கண்ணாலும் நிரப்பினார். பின்னாளில் கேளிக்கை மேடையில் அவரை அரசியாக்கிய அனைத்தும் இந்த ஒரு பாலேயில் ஏற்கெனவே இருந்தன. எனவே, அவர் பாலேயை விட்டுப் பாட்டுக்குப் போனார் என்று சொல்வதைவிட, ஒரு பாலேக்குள் நின்றபடியே பாடத் தொடங்கினார் என்று சொல்வதுதான் சரி.

இனி ஹாலிவுட். தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின், டேனிஷ் கதைசொல்லி ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனைப் பற்றி எடுத்த 1952ஆம் ஆண்டுப் படத்தில், முதலில் பிரிட்டிஷ் பாலே கலைஞர் மொய்ரா ஷியரருக்கென்று வைத்திருந்த நடன நாயகி வேடம், அவர் கருவுற்றிருந்ததால் ஜான்மேருக்கு வந்தது. சார்லஸ் விடார் இயக்கம், ஃபிராங்க் லெஸ்ஸர் பாடல்கள், டானி கே கதாநாயகன். தன் கணவனோடு சண்டையும் சமாதானமுமாக வாழும் நடனமணி டோரோவாக ஜான்மேர். அவள் துன்பப்படுகிறாள் என்று தவறாக எண்ணிக் காதல் கொள்ளும் எளிய செருப்புத் தொழிலாளி ஆண்டர்சன். அவன் அவளுக்காக எழுதும் கடல்கன்னிக் கதை பாலேயாக மேடையேறுகிறது. அந்த நடனத்தை அமைத்தவரும் பெத்திதான். பிற்காலத்தில் டென்மார்க்கின் தலைசிறந்த ஆண் நடனக் கலைஞராக அறியப்பட்ட எரிக் புரூனும் இந்தப் படத்தில் சிறிது நேரம் ஆடுகிறார். படம் நன்றாக ஓடியது; ஜான்மேரின் முகம் உலகெங்கும் தெரிந்தது.

அடுத்து 1954 மார்ச் 5 அன்று, நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில், மார்க் ஹெலிங்கர் அரங்கில் ‘தி கேர்ள் இன் பிங்க் டைட்ஸ்’ தொடங்கியது. மறைந்த இசையமைப்பாளர் சிக்மண்ட் ராம்பெர்க் விட்டுச் சென்ற இசையை வைத்து உருவாக்கப்பட்ட இசை நாடகம் அது; நடன அமைப்பு ஆக்னஸ் டி மில். 1866இல் நியூயார்க்கில் அரங்கை இழந்து நின்ற பிரெஞ்சு பாலே குழு ஒரு நாடகத்தோடு இணைக்கப்பட்டதால் அமெரிக்க இசை நாடகம் பிறந்தது என்ற வரலாற்றுச் செய்தியிலிருந்து எடுத்த கதை. 115 காட்சிகளோடு அது நின்றுவிட்டது. நாடகத்தைவிட நாயகிக்கே பாராட்டுகள் அதிகம் கிடைத்தன. 1956இல் வந்த ‘எனிதிங் கோஸ்’ படத்தில் பிங் கிராஸ்பி, டொனால்ட் ஓ'கானர், மிட்ஸி கேனர் ஆகியோருடன் நடித்தார். பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான கோல் போர்ட்டரின் பாட்டைப் பாடினார். பெத்தி அமைத்த கனவு நடனம் ஒன்றும் அதில் உண்டு. பிறகு பிரான்சில் எடி கான்ஸ்டன்டைனுடன் ‘ஃபோலி பெர்ழேர்’ உட்படச் சில படங்கள். அவற்றை நான் விரிக்கப் போவதில்லை. அவருடைய கால்களுக்காகவும் புன்னகைக்காகவும் பார்க்கலாம், கதைக்காகப் பார்க்க வேண்டியதில்லை.

ஏன் திரை அவருக்குப் பொருந்தவில்லை? இதே சூழலிலிருந்து வந்த பிரெஞ்சு நடிகை லெஸ்லி காரோனோடு ஒப்பிட்டால் விளங்கும். காரோனும் பெத்தியின் ஷான்ஸ் எலிஸே குழுவில் ஆடிய சிறுமி. அங்குதான் ஹாலிவுட் நடன நடிகர் ஜீன் கெல்லி அவரைக் கண்டார். 1951இல் ‘அன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ படத்தின் நாயகியானார். காரோன் படிப்படியாக நடனத்தைப் பின்னுக்குத் தள்ளி நடிப்பைக் கற்றார். 1962இல் வந்த ‘தி எல் ஷேப்ட் ரூம்’ படத்தில் ஒரு நடன அடிகூட இல்லாமல் ஆஸ்கர் பரிந்துரை பெறுமளவுக்கு வளர்ந்தார். நடனக் கலைஞர் திரை நடிகையாவது என்றால் அதுதான் முழுமையான எடுத்துக்காட்டு. காரோனின் முகம் கேமராவுக்கு அருகில் வரும்போது எதையோ மறைத்து வைத்துக்கொள்கிறது. பார்ப்பவர் அதைத் தேடிப் போகிறார். ஜான்மேரின் கலை அதற்கு நேர் எதிரானது. அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்படி உச்சி முதல் பாதம் வரை ஒரே கோட்டில் எல்லாவற்றையும் வெளியே கொடுப்பது அது. அண்மைக் காட்சியில் பாதி உடல் வெட்டுப்பட்டால் அவருடைய மொழியில் பாதி போய்விடுகிறது. மேலும், ஹாலிவுட் அவருக்குத் தந்த வேடங்கள் எல்லாம் கொஞ்சு மொழியில் ஆங்கிலம் பேசும் பிரெஞ்சுப் பெண் என்ற ஒரே வார்ப்பு. கார்மெனாக ஒரு கொலையின் விளிம்புவரை சென்றவருக்கு அது மிகவும் சிறிய சட்டகம்.

கேளிக்கை மேடையைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு இப்போது வருகிறேன். 1961இல் பாரிஸின் அல்ஹாம்ப்ரா அரங்கில் பெத்தி அமைத்த நிகழ்ச்சியில், பெர்னார் திமே எழுதி ழான் கான்ஸ்தான்தன் இசையமைத்த ‘மோன் த்ருக் ஆன் ப்ளூம்’ (‘என் இறகுச் சமாச்சாரம்’) என்ற பாட்டை ஜான்மேர் பாடினார். உடைகளை வடிவமைத்த ஈவ் சான் லோரான், அப்போதுதான் தியோர் ஆடை நிறுவனத்திலிருந்து விலகித் தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கும் நிலையில் இருந்த இளைஞர். பிறகு பல ஆண்டுகள் அவர் ஜான்மேரின் உடைகளை உருவாக்கினார். பளபளக்கும் கறுப்பு உடையில் கால்கள் வெளித்தெரிய ஜான்மேர் வருகிறார். சுற்றிலும் ஆண் நடனக் கலைஞர்கள் பெரிய இளஞ்சிவப்பு நெருப்புக்கோழி இறகு விசிறிகளைப் பிடித்து அவரை மூடுகிறார்கள், திறக்கிறார்கள், அலைபோல் சுழல்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் பகட்டு. உற்றுப் பார்த்தால், இறகுகள் விலகும் ஒவ்வொரு முறையும் அவருடைய உடல் மிகத் துல்லியமான ஒரு நிலையில் நிற்பது தெரியும்: இடுப்பு எங்கே, தோள் எங்கே, நிமிர்ந்த கழுத்து எந்தக் கோணத்தில் என்பது வரை அளவெடுத்து வைத்தது. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றும்போது மேலுடல் அசைவதில்லை. அன்றாடம் பயிற்சிக் கம்பியைப் பிடித்து ஆடிப் பழகாத எவராலும் அந்த நடையை நடக்க முடியாது. பாட்டும் ஆட்டமும் முடிந்தபின் நமக்கு எளிமையாகத் தோன்றுவதுதான் அந்த உழைப்பின் வெற்றி.

1964இல் ‘ஸிஸி’ என்ற பெயரிலேயே ஒரு நிகழ்ச்சியை நியூயார்க்குக்குக் கொண்டு போனார்கள். 1970இல் பெத்தியும் ஜான்மேரும் ‘காஸினோ தெ பாரி’ என்ற பாரிஸ் கேளிக்கை அரங்கை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். கேளிக்கை மேடையின் முந்தைய அரசிகளான மிஸ்தெங்கெத்தும் ஜோசஃபின் பேக்கரும் ஆண்ட மேடை அது. அந்த மரபு அப்போது சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சியாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. இவர்கள் சான் லோரானையும், மேடை வடிவமைப்பாளர் எர்தேயையும் உடைகளுக்கு அழைத்தார்கள். பாடலாசிரியர் செர்ஜ் கேன்ஸ்பூரின் பாடல்களை ஜான்மேர் பாடினார். ஒரு பெரிய அரங்கைத் தங்கள் பொறுப்பில் தாங்குவது கலைஞர்களுக்குக் கடும் பொருளாதாரச் சுமையாக இருந்தது. 1970களின் நடுப்பகுதியோடு அந்த முயற்சி முடிந்தது. கலையளவில் அதைத் தோல்வி என்று சொல்ல நான் உடன்பட மாட்டேன். படிக்கட்டில் இறங்கி வரும் நாயகி என்ற பழைய வடிவத்துக்குள் தன் காலத்தின் கவிஞர்களையும் ஓவியர்களையும் கொண்டுவந்து சேர்த்தது சிறிய காரியம் அல்ல.

இந்த ஆண்டுகளில் எல்லாம் அவர் பாலே மேடையில் தொடர்ந்து ஆடினார் என்பதை மறந்துவிடக் கூடாது. கவிஞர் ழான் கொக்தோவின் கருத்தில் பெத்தி 1946இல் அமைத்த ‘இளைஞனும் மரணமும்’ பாலேயை 1966இல் தொலைக்காட்சிக்காகப் படமாக்கியபோது, புகழ்பெற்ற ரஷ்ய நடனக் கலைஞர் ருடால்ஃப் நூரெயெவுக்கு எதிரில் மரணமாக ஆடியவர் ஜான்மேர். பெத்தி 1972இல் மார்செய் நகரில் தேசிய பாலே குழுவின் பொறுப்பை ஏற்றார். 1979இல் யோஹன் ஸ்ட்ராஸ் இசையில் அவர் அமைத்த ‘வௌவால்’ பாலேயில் நாயகி பெல்லாவாக முதலில் ஆடியபோது ஜான்மேருக்கு ஐம்பத்தைந்து வயது. அடுத்த ஆண்டு, ரஷ்ய மரபில் வந்த இன்னொரு பெரும் நடனக் கலைஞரான மிகயீல் பாரிஷ்னிகாவோடு ‘கார்மெனை’த் தொலைக்காட்சிக்காக ஆடினார். பெரும்பாலான பாலே கலைஞர்கள் நாற்பதைத் தாண்டியதும் விடைபெற்றுவிடும் துறையில் இது அரிய நிகழ்வு. எல்லாம் வெற்றியாகவே முடிந்தன என்றும் இல்லை: 1981இல் பிராட்வேயில் ‘கேன் கேன்’ இசை நாடகத்தின் மறு அரங்கேற்றத்தில் நாயகியாக வந்தார், ஐந்தே காட்சிகளில் அது மூடப்பட்டது. அவர் பாரிஸுக்குத் திரும்பித் தன் பாட்டு நிகழ்ச்சிகளைத் தொடர்ந்தார்; எழுபது வயதைத் தாண்டியும் மேடையேறினார். பெத்தி 2011 ஜூலை 10 அன்று ஜெனீவாவில் மறைந்தார். ஜான்மேர் 2020 ஜூலை 17 அன்று சுவிட்சர்லாந்தின் தோலோஷெனா என்ற ஊரில் தொண்ணூற்றாறு வயதில் காலமானார்.

பதிவுகளில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்ள விரும்பினால், ஹாலிவுட் படங்களிலிருந்து தொடங்காதீர்கள். பிற்காலத்தில் முதல் ஜேம்ஸ் பாண்ட் படத்தை இயக்கிய டெரன்ஸ் யங், பெத்தியின் நான்கு பாலேக்களைச் சேர்த்து 1960இல் எடுத்த ‘பிளாக் டைட்ஸ்’ என்ற படத்தை முதலில் பாருங்கள். பிரெஞ்சுப் பாடக நடிகர் மோரிஸ் ஷெவாலியே ஒவ்வொன்றையும் அறிமுகப்படுத்துகிறார். ஹாலிவுட் நடன நடிகை சிட் சாரிஸும் மொய்ரா ஷியரரும் ஆளுக்கொரு பகுதியில் ஆடுகிறார்கள். ‘வைரம் கடிப்பவள்’, ‘கார்மென்’ இரண்டிலும் நாயகி ஜான்மேர். லண்டனில் முதன்முதலாக ஆடிப் பதினோரு ஆண்டுகள் கழித்து எடுத்தது என்றாலும், கேமரா பெரும்பாலும் முழு உடலையும் சட்டகத்துக்குள் வைத்திருப்பதால், ஹியூஸ் எடுக்காமல் விட்ட படத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். அதன் பிறகு நூரெயெவுடன் ஆடிய 1966ஆம் ஆண்டுப் பதிவையும், கடைசியாக இறகு விசிறிப் பாட்டையும் பாருங்கள். அந்த வரிசையில் பார்த்தால், இறகுகளுக்கு நடுவே நிற்பவரின் நடையில் கார்மெனின் கால்களை நீங்களே அடையாளம் காண்பீர்கள்.